அரை இஞ்ச் அக்கா வாங்கிய ஹெல்மெட்

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் தையற்கடைக்கு வழி சொல்வார்கள். கடையின் பெயரைக் கேட்டால்தான் விழிப்பார்கள். "அரை இஞ்ச் அக்கா கடையா?" என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள். பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர். பள்ளிச் சீருடையோ கவுனோ கோட்டோ, பிள்ளைகளுக்கு எது தைத்தாலும் அரை இஞ்ச் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவாள். "வளர்ற பிள்ளை, இருக்கட்டும்" என்பாள். அளவெடுக்கும்போது டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் அவளுடைய ஆள்காட்டி விரல் ஒன்று போய் நுழைந்துகொள்ளும். அவள் நினைத்துச் செய்வதில்லை, அது பழகிப்போன விரல்.

அம்மாக்களுக்கு அவளைப் பிடித்துப்போனதே இதனால்தான். மற்ற இடத்தில் தைத்தது ஆறு மாதத்தில் கையைப் பிடிக்கும், அக்கா தைத்தது இரண்டு வருஷம் வரும். பிள்ளைகள் என்னவோ முதல் மூன்று மாதம் சட்டைக்குள் தொலைந்துபோய்த்தான் கிடப்பார்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

அக்காவிடம் இன்னொரு குணமும் உண்டு. பயம். கடையைப் பூட்டிவிட்டு நாலு கடை தாண்டுவதற்குள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பி வந்து பூட்டைத் திறந்து பார்ப்பாள். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி பூட்டிவிட்டு நடந்தால், இப்போது பூட்டினோமா என்று சந்தேகம். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் பதினொரு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் அவருக்கு போன் வரும். "இருக்கேன், இன்னும் விழல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். "அந்தரத்துல தொங்குறவன் நானு, வேர்க்குறது உனக்கா?" என்று சிரிப்பார். அவருக்குச் சிரிப்பு. கீழே நிற்பவர்களுக்குத்தானே கஷ்டம் தெரியும்?

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பெண்ணுக்குப் பத்து வயது. வீட்டிலும் தெருவிலும் அவள் பெயர் வாலு. பெயருக்கு ஏற்ற பிள்ளைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊர்க்கோடியில் ஒரு குதிரையேற்றப் பள்ளி இருந்தது. அங்கே பயிற்சி தரும் அம்மாளை எல்லோரும் கோச் என்பார்கள். குளிருக்குக் குதிரைகளுக்குப் போர்வை தைக்க வேண்டும் என்று கோச் ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா போய்க் குதிரைகளுக்கு அளவெடுத்தாள். அங்கேயும் விரல் போய் நுழைந்தது.

"அதுங்க இனிமே வளராதும்மா. பதினாலு வயசாச்சு" என்றாள் கோச்.

"பழக்கம் மேடம்" என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போர்வைகளைக் கொடுக்கப் போனபோது வாலுவும் கூடப் போனாள். அன்றைக்குப் பிடித்தது சனி. குதிரை ஓட்டியே ஆக வேண்டும் என்று வாலு ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா முடியாது என்றாள், படிப்பு என்றாள், பார்க்கலாம் என்றாள். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தாள். கடைசியில் அப்பாவும் பெண்ணும் ஒரே கட்சியானதும் அவளால் நிற்க முடியவில்லை. "என்னை மாட்டேன்னு சொல்ல வச்சே வில்லி ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுச் சேர்த்துவிட்டாள். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

கோச் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஹெல்மெட் சொந்தமா இருக்கணும். அடுத்தவங்க போட்டது வேண்டாம். ஒரு தடவை அடி வாங்கினதா இல்லையான்னு வெளியில பார்த்தாத் தெரியாது."

"என் பைக் ஹெல்மெட் சும்மாதானே கிடக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"பைக்குக்கு வேற, குதிரைக்கு வேறன்னு மேடம் சொல்லிட்டாங்க" என்றாள் அக்கா. தலை விஷயத்தில் அவள் யாரோடும் விளையாடத் தயாராக இல்லை.

விளையாட்டுச் சாமான் கடையில் அவள் அந்த ஹெல்மெட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே தைத்திருந்த தரச் சான்று லேபிளைப் படித்தாள். தாடை வாரை இரண்டு கையாலும் இழுத்தாள். வாரின் தையலை வெளிச்சத்தில் பிடித்து, இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணினாள். கடைக்காரர் பொறுமைசாலி. அவர் வாலுவின் தலையைச் சுற்றி டேப் வைத்து, "அம்பத்திரண்டு" என்றார்.

அடுத்தவர் எடுத்த அளவை அக்கா எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறாள்? கழுத்தில் தொங்கிய தன் மஞ்சள் டேப்பை எடுத்து, சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கம் உபயோகிக்காமல் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. புருவத்துக்கு மேலே சுற்றி, காதுக்கு மேலே கொண்டுபோய், பின்மண்டையில் சேர்த்தாள். விரல் நுழைந்துகொண்டது.

"அம்பத்து மூணரை வருது. அம்பத்துநாலு கொடுங்க."

"இது துணி இல்லம்மா. அம்பத்திரண்டுதான் சரி. இன்னைக்குத் தலை எவ்வளவோ, அதுக்குத்தான் வாங்கணும்."

"வளர்ற பிள்ளை" என்றாள் அக்கா. அடுத்த வருஷம் இன்னொன்று விற்கப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவளும் கடை வைத்திருப்பவள்தானே, கடைக்காரர்களைப் பற்றித் தெரியாதா? ஐம்பத்து நாலையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் அது வாலுவின் தலையில் லேசாக ஆடியது. வேறு யாராக இருந்தாலும் கடைக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். அக்கா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். கோட்டுகளுக்கு வைக்கும் ஷோல்டர் பேட் இரண்டை எடுத்து வளைவாக வெட்டினாள். ஹெல்மெட்டின் உள்துணியைப் பிரித்து, பேடை உள்ளே வைத்து, அதே நிற நூலால் கையாலேயே மூடித் தைத்தாள். தையல் போட்ட இடம் அவளுக்கே தெரியவில்லை. இப்போது வாலு தலையை எப்படி ஆட்டினாலும் ஹெல்மெட் அசையவில்லை.

"ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல. தலை வளர வளர ஒவ்வொண்ணா எடுத்துடலாம்" என்றாள். வீட்டுக்காரர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ பயப்படுறதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குடி" என்று மெச்சிக்கொண்டார்.

முதல் நாள் கோச் சோதித்தாள். தாடை வாரை மாட்டாமலேயே வாலுவைக் குனியச் சொன்னாள். ஹெல்மெட் விழவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். நெற்றித் தோலும் சேர்ந்து நகர்ந்தது. "கச்சிதம்! இப்படித்தான் இருக்கணும். பாதிப் பேரு பெருசா வாங்கிட்டு வந்து நிப்பாங்க" என்றாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் மூன்று சனிக்கிழமைகள் குதிரையின் கயிற்றைக் கோச்சே பிடித்துக்கொண்டு நடத்தினாள். வாலுவுக்குக் கிடைத்தது பழுப்பு நிறக் கிழட்டுக் குதிரை. பிள்ளைகள் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது நடக்கிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கே அக்கா வேலிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வேலியில் ஒரு பலகை தொங்கியது. ஓடாதீர்கள், கத்தாதீர்கள் என்று எழுதியிருந்தது. குதிரை மிரண்டால் முதலில் விழுவது மேலே இருக்கிற பிள்ளைதான். வெளியில் இருந்து யாராவது பயிற்சியை நிறுத்த வேண்டுமானால் நடந்துபோய் எதிர்ப்பக்கக் கதவருகே நின்று, ஒரு கையை நேரே தூக்கி அசையாமல் நிற்க வேண்டும். கோச் பார்த்ததும் நிறுத்துவாள். அங்கே அதுதான் வழக்கம்.

நாலாவது சனிக்கிழமை. கயிறு இல்லாமல் வாலு முதல்முறையாகத் தனியாகக் குதிரையைத் துள்ளுநடையில் ஓட்டப்போகிற நாள். அவள் ஏறி உட்கார்ந்து வேலியோரமாக மெல்ல நடத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புதிதாக ஒரு பையனைச் சேர்க்க அவன் அப்பா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கோச் அந்தப் பையனின் ஹெல்மெட்டைச் சோதித்தாள். உள்ளே கையை விட்டு, மடித்து வைத்திருந்த ஒரு சின்னத் துண்டை வெளியே இழுத்தாள்.

"என்ன சார் இது?"

"கொஞ்சம் லூசா இருந்துச்சு மேடம். அதான் இறுக்கமா இருக்கட்டும்னு…"

"ஆட்டிப் பார்த்தா இறுக்கமாத்தான் இருக்கும். விழும்போது தலை போற வேகத்துல துணி அமுங்கிடும். அமுங்கின உடனே ஹெல்மெட் பின்னாடி சுத்திக்கும், நெத்தி வெளிய வந்துடும். அப்புறம் ஹெல்மெட் இருந்து என்ன, இல்லாம என்ன?" கோச் துண்டை அவர் கையிலேயே கொடுத்தாள். "சரியான அளவு வாங்கிட்டு அடுத்த வாரம் வாங்க."

சொல்லிவிட்டு அவள் சுற்றிக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு திடலின் நடுவுக்குப் போனாள்.

அக்காவின் கண் வாலுவின் ஹெல்மெட்டுக்குப் போனது. ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை. மனசு வக்கீல் வேலை பார்த்தது. அவர் வைத்தது துண்டு. நான் வைத்தது பேட். அவர் மடித்துச் செருகினார். நான் தைத்திருக்கிறேன், நகராது. கோச்சே கச்சிதம் என்று சொன்னாளே. இப்போது எழுந்து சொன்னால் எல்லோர் முன்னாலும் என்ன மரியாதை? அந்தப் புது அப்பா என்ன நினைப்பார்? இந்தக் கணக்கெல்லாம் அவள் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வாலு அரைச் சுற்று போயிருந்தாள்.

அக்காவின் பையில் ஓரம் அடிக்க எடுத்து வந்த கோட்டு ஒன்று இருந்தது. அவள் கையை உள்ளே விட்டு அதன் தோளைத் தேடினாள். அதே ஷோல்டர் பேட். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். அது பேசாமல் அமுங்கியது. இரண்டு விரலும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டன.

அவள் எழுந்து நின்றபோது கோச் "ம், துள்ளவிடு" என்று சொல்வது கேட்டது. சோம்பேறி, எந்த நாளும் இல்லாத திருநாளாக, உற்சாகமாகத் துள்ளத் தொடங்கியது.

கத்தக் கூடாது. ஓடக் கூடாது. கதவு எதிர்ப்பக்கம். பெஞ்சிலிருந்து அங்கே போக நூறு அடியாவது இருக்கும். அக்கா நடந்தாள். வாழ்க்கையில் எத்தனையோ முறை இல்லாத ஆபத்துக்கெல்லாம் தலைதெறிக்க ஓடியவள், இன்றைக்கு உண்மையான ஆபத்துக்கு மெல்ல நடக்க வேண்டியிருந்தது. குதிரை பக்கத்தில் வரும்போது இன்னும் மெல்ல நடந்தாள். வாலுவின் தலை குதிரையின் துள்ளலுக்கு மேலும் கீழும் போய்வந்தது. ஹெல்மெட் கொஞ்சம்கூட அசையவில்லை. அது அசையாமல் இருப்பதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயம் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாது. கோச்சுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கதவருகே போய்க் கையைத் தூக்கினாள். கோச்சின் முதுகுதான் தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தவள் வாலு. அம்மா கையாட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, கடிவாள வாரிலிருந்து ஒரு கையை எடுத்து அவளும் ஆட்டினாள்.

வாலுவின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அக்காவுக்கு உயிரே போய்விட்டது. கையைக் கீழே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போட்டால் கோச் திரும்பும்போது பார்க்க மாட்டாள். தூக்கியே வைத்திருந்தால் பிள்ளை கையை எடுத்தபடி இருப்பாள். அக்கா முகத்திலிருந்த பதற்றத்தையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டு, சிரிக்காமல், அசையாமல், பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளையைப் போலக் கையை நேரே வைத்துக்கொண்டு நின்றாள். வாலு ஒன்றும் புரியாமல் கையை மறுபடி வாருக்குக் கொண்டுபோனாள். இரண்டு சுற்றும் கோச்சின் கண் குதிரையின் கால்மேலேயே இருந்தது. அந்த இரண்டு சுற்றும் எவ்வளவு நேரம் என்று அக்காவைக் கேட்டால் இன்றைக்கும் அரை மணி நேரம் என்பாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

கோச் திரும்பினாள். "நடை" என்றாள். சோம்பேறி நடந்து, நின்றது.

"என்னம்மா?"

"அவளை இறக்குங்க மேடம். ஹெல்மெட்டுக்குள்ள நான் பேட் வச்சிருக்கேன்."

கோச் வாலுவை இறக்கி ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார்த்தாள். "எங்கம்மா? ஒண்ணும் இல்லையே?"

"தைச்சிருக்கேன். தெரியாது."

பையில் இருந்த சின்னக் கத்தரியை எடுத்து அக்காவே பிரித்தாள். அவ்வளவு பேர் பார்க்க, தான் போட்டதிலேயே நல்ல தையலைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக வெட்டினாள். இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். பேட் இரண்டும் வெளியே வந்தன. கோச் ஹெல்மெட்டைத் திரும்ப வாலுவின் தலையில் வைத்து, வாரை மாட்டி, ஒற்றை விரலால் முன்விளிம்பைத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு பின்மண்டைக்குப் போனது. நெற்றி முழுக்க வெளியே தெரிந்தது.

கோச் திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்கு நன்றாக இருந்திருக்கும். "பதினாறு வருஷமா ஹெல்மெட் பார்க்குறேன். என்னை ஏமாத்தினது நீங்க ஒருத்தர்தான்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாலு அழுதாள். "எல்லார் முன்னாடியும் ஏம்மா? முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா.

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போனார்கள். இந்தத் தடவை அக்கா தன் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. கடைக்காரர் அளந்து ஐம்பத்திரண்டைக் கொடுத்தார். "வளர்ற பிள்ளைன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். மனுஷர் சிரிக்காமல்தான் கேட்டார்.

"வளர்ந்தா வேற வாங்கிக்கிறேன்" என்றாள் அக்கா.

அந்தப் புது ஹெல்மெட் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. தலையைச் சுற்றி ஒரு நூல் இடம் இல்லாமல் அப்படியே கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வலிக்கிறதா, வலிக்கிறதா என்று வாலுவைப் பத்துத் தடவை கேட்டாள். இல்லை என்றாள் வாலு. ராத்திரி அக்காவுக்கு அது தன் தலையையே பிடிப்பது போல இருந்தது.

ஏழு வாரம் கழித்துத்தான் வாலு விழுந்தாள். கீழே கிடந்த சின்னக் கட்டையைத் தாண்ட வேண்டிய சோம்பேறி, கடைசி நிமிஷத்தில் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. வாலு நிற்கவில்லை. குதிரையின் கழுத்துக்கு மேலே போய், திடலைச் சுற்றி அடித்திருந்த மரவேலியின் அடிக்கட்டையில் தலை மோத விழுந்தாள். அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

அக்கா எழுந்து நடந்தாள். நடந்துதான் போனாள். எப்படி நடந்தாள் என்று கேட்காதீர்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது வாலு உட்கார்ந்து வாயிலிருந்து மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தாள். கோச் அவளிடம் என்ன கிழமை என்று கேட்டாள், எத்தனை விரல் என்று கேட்டாள். "சனி. மூணு. சோம்பேறி மேலதான் தப்பு" என்றாள் வாலு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, நடக்கவிட்டு, இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

கோச் ஹெல்மெட்டை அக்காவின் கையில் கொடுத்திருந்தாள். "இதை இனிமே யாருக்கும் போடாதீங்க. முடிஞ்சுது இதோட வேலை."

வீட்டில் அக்கா அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பார்த்தாள். வெளியே ஒரு கீறல். அவ்வளவுதான். கத்தரியை எடுத்து உள்துணியைப் பிரித்தாள். துணிக்கு அடியில் வெள்ளை நுரைக்கட்டி இருந்தது. வலது நெற்றிப் பக்கம் அது உள்ளே அமுங்கி, நடுவில் விரிசல் விட்டிருந்தது. கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. முன்னே வாங்கிய ஹெல்மெட்டாக இருந்தால் இந்த இடத்தில் நுரை இருந்திருக்காது. வாலுவின் நெற்றிதான் இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

அவள் டேப்பின் நுனியைக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள். "கால் இஞ்ச்" என்றாள். சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்த அரை இஞ்சைச் சொல்லிக் கேலி செய்தவர், அன்றைக்கு அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் வாலு பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றாள். "அம்மா, அடுத்த சனிக்கிழமை கட்டையைத் தாண்டணும். ஹெல்மெட் எப்போ வாங்கப் போறோம்?"

மாட்டேன் என்று சொல்ல அக்காவிடம் ஆயிரம் காரணம் இருந்தது. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த டேப்பை எடுத்தாள்.

"உட்காரு இங்க."

புருவத்துக்கு மேலே சுற்றி, காதுக்கு மேலே கொண்டுபோய், பின்மண்டையில் சேர்த்தாள். ஆள்காட்டி விரல் பழக்கதோஷத்தில் உள்ளே நுழைந்தது. அக்கா அதை வெளியே எடுத்துவிட்டு டேப்பை இழுத்துப் பிடித்தாள்.

"ரொம்ப இறுக்குறம்மா" என்றாள் வாலு, வாய் நிறையப் பற்பசை நுரையோடு.

"இறுக்கமாத்தான் பிடிக்கணும்" என்றாள் அக்கா. அளவைப் பார்த்த பிறகும் அவள் டேப்பை விடவில்லை.